குடை ராட்டினத்தின் வாரிசு: சிறுவர் ரோலர் கோஸ்டரின் இரட்டை மரபு

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமானூர் வட்டாரத்தில் திருவிழா என்றால், சாமி பார்த்த கையோடு பிள்ளைகள் இழுத்துக்கொண்டு ஓடுவது ராட்டினத் திடலுக்குத்தான். திருமழபாடி நந்தி கல்யாணம், ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழா, அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சித் தேர் என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் விழாக்களுக்குக் குறைவில்லை. இத்தகைய விழாக்களுக்கு லாரிகளில் வந்திறங்கும் இரும்புச் சட்டங்கள் இரண்டொரு நாளில் குடை ராட்டினமாக, ஜெயன்ட் வீலாக, கொலம்பஸ் கப்பலாக எழுந்து நிற்கும். கூடவே டிராகன் தலை வைத்த ஒரு சிறு ரயிலும் வரும். வளைந்த தண்டவாளத்தில் ஏறி இறங்கி நாலைந்து சுற்று சுற்றிவிட்டு நிற்கும்.

பெரிய பூங்காக்களின் ரோலர் கோஸ்டரைப் பார்த்துச் செய்த ஏழை நகல் இந்த ரயில் என்றே பலரும் எண்ணுகிறார்கள். சிறுவர்க்கான எஃகு ரோலர் கோஸ்டர் வளர்ந்த வழியைத் தேடிப் போனால் அந்த எண்ணம் நிற்கவில்லை.

பெரியவர்களின் ரோலர் கோஸ்டருக்கு எல்லோரும் சொல்லும் வம்சாவளி ஒன்று உண்டு. ரஷ்யாவின் பனிச்சறுக்கு மேடுகள், 1817-இல் பாரிஸில் சக்கரம் பூட்டிய அவற்றின் மறுவடிவம், பென்சில்வேனியாவில் 1827 முதல் நிலக்கரி இறக்கிய மலை இருப்புப்பாதை, 1884-இல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்க்கஸ் தாம்சன் ஐந்து சென்ட் கட்டணத்தில் ஓட்டிய மரத்தடம். தாம்சனின் வண்டி மணிக்குப் பத்து கிலோமீட்டரைத் தாண்டவில்லை. இன்றைய கணக்கில் அது குழந்தைகள் வண்டிதான். வேகமும் உயரமும் பிறகு கூடின. உயரத்தில் ஏற்றிவிட்டால் மீதி வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும் என்பதே இந்த மரபின் அடிப்படை.

எஃகு வந்த கதையில் ஒரு திருத்தம் தேவை. 1959 ஜூன் 14 அன்று கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் திறக்கப்பட்ட மேட்டர்ஹார்ன் பாப்ஸ்லெட்ஸ்தான் முதல் எஃகு ரோலர் கோஸ்டர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. குழாய் வடிவ எஃகுத் தண்டவாளத்தில் ஓடிய முதல் ரோலர் கோஸ்டர் என்பதே சரி. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் சிறுவர் பூங்காக்களில் சின்னஞ்சிறு எஃகு ரோலர் கோஸ்டர்கள் ஓடத் தொடங்கிவிட்டன. அவற்றில் பெயர்பெற்றது ‘லிட்டில் டிப்பர்’. அதைச் செய்த ஆலன் ஹெர்ஷல் நிறுவனத்தின் பழைய தொழில் குடை ராட்டினம் செய்வது.

மேட்டர்ஹார்னைக் கட்டிய ஆரோ நிறுவனத்தின் கதையும் அப்படித்தான். எட் மார்கனும் கார்ல் பேக்கனும் நண்பர்களோடு சேர்ந்து இரண்டாம் உலகப்போரை ஒட்டித் தொடங்கிய பட்டறை அது. பழைய இயந்திரங்களை வாங்கி விற்றார்கள், லாரி உதிரிபாகம் செய்தார்கள். பிறகு சான் ஹோசே நகரப் பூங்காவுக்கு ஒரு குடை ராட்டினம் செய்து கொடுத்தார்கள். அந்த ராட்டினம்தான் அவர்களை டிஸ்னியின் வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

குழாய்த் தண்டவாளம் ஏன் இவ்வளவு பெரிய திருப்பம் ஆனது? உருண்ட குழாயை மேலிருந்து ஒரு சக்கரமும், பக்கவாட்டில் ஒரு சக்கரமும், அடியிலிருந்து ஒரு சக்கரமும் கவ்விப் பிடிக்க முடியும். வண்டி எந்தப் பக்கமும் தடத்தை விட்டு எழாது. அடிச்சக்கரம் மரத்தடக் காலத்திலேயே ஜான் மில்லர் காப்புரிமை பெற்ற ஏற்பாடு என்றாலும், குழாயை வேண்டியபடி வளைக்கலாம் என்பதால் சின்ன இடத்திலும் வழுக்கிக்கொண்டு திரும்பும் வளைவுகள் கிடைத்தன. தலைகீழாகச் சுழலும் பெரிய கோஸ்டர்களை விளம்பரங்கள் கொண்டாடலாம். குழாயால் மிகுந்த பயன் பெற்றவர்கள் சிறுவர்கள் என்பதே என் கணிப்பு.

இரண்டாவது மரபு, நம் டிராகன் ரயிலின் சொந்த மரபு, ஐரோப்பியச் சந்தைத் திடல்களில் வளர்ந்தது. ஜெர்மனியின் வால்ட்கிர்ஷ் ஊரில் 1780 முதல் குதிரைவண்டி செய்துவந்த மாக் குடும்பம், பிற்காலத்தில் சர்க்கஸ்காரர்களுக்கும் ராட்டினக்காரர்களுக்கும் வண்டி கட்டிக் கொடுத்தது. பிறகு ராட்டினங்களையே செய்யத் தொடங்கியது. இவர்கள் கையில் மலர்ந்ததுதான் மோட்டார் ரோலர் கோஸ்டர். இதில் உயரத்துக்கு இழுக்கும் சங்கிலி கிடையாது. ரயிலிலேயே மின் மோட்டார் இருக்கும். தடத்தை ஒட்டி ஓடும் மின்பட்டையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மேட்டிலும் இறக்கத்திலும் வேகம் பெரிதாக மாறாது. உயரமான மேடு தேவையில்லை என்பதால் தடத்தைத் தாழ்வாகவே போடலாம். ஒரே சுற்றோடு முடிய வேண்டியதில்லை. ஆபரேட்டர் விரும்பும் வரை சுற்றலாம். கழற்றி லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குப் போகலாம் என்பது எல்லாவற்றிலும் முக்கியம். 1984-இல் மாக் குடும்பத்தின் யூரோப்பா பார்க்கில் வந்த ஆல்பென் எக்ஸ்பிரஸ் இதே வகைதான். சந்தைத் திடலில் பிறந்த வண்டி பூங்காவுக்குள் குடியேறியது. பூங்காவிலிருந்து திடலுக்கு இறங்கி வரவில்லை.

இந்த வரலாற்றில் அரியலூர்க்காரர்களுக்கு நெருக்கமான இன்னொரு நிறுவனம் நெதர்லாந்தின் வெகோமா. 1926-இல் விவசாயக் கருவிகள் செய்யத் தொடங்கிய பட்டறை அது. பின்னர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இரும்புக் கட்டுமானம் செய்தது. 1960களில் அந்நாட்டுச் சுரங்கங்களை மூடும் முடிவு வந்ததும் குழாய் வேலைக்கு மாறியது. குழாய் வளைக்கத் தெரிந்த கை 1970களில் ரோலர் கோஸ்டர் தடத்தை வளைத்தது. கரும்புக் கொல்லையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் அடுத்தடுத்துக் கிடக்கும் நம் மாவட்டத்தில் இந்தக் கதையைப் படிக்கும்போது சற்றுப் பொறாமை எழுகிறது. சுமார் 200 மீட்டர் நீளமும் எட்டரை மீட்டர் உயரமும் கொண்ட அவர்களது சிறுவர் கோஸ்டர் 1993-இல் டிஸ்னிலேண்டுக்குப் போனது. மேட்டர்ஹார்னில் ஏற 107 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். இதற்கு 89 போதும். அந்த 18 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் பிள்ளைகளுக்காகவே ஒரு தொழில் வளர்ந்தது.

இந்தியாவில் கேளிக்கைப் பூங்கா தாமதமாக வந்தது. 1982 ஆசிய விளையாட்டின் சின்னமான யானைக்குட்டியின் பெயரில் 1984-இல் டெல்லியில் அப்பு கர் திறந்தது, 2008-இல் மூடப்பட்டது. 1989-இல் மும்பையில் எஸ்ஸல் வேர்ல்டு, 1990களில் தாம்பரம் அருகே நவோதயா அப்பச்சனின் கிஷ்கிந்தா, 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட். வீகாலேண்டின் வழிவந்த வொண்டர்லா 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே பூங்கா திறந்தபோது, சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபியார் செய்த ‘தஞ்சோரா’ என்ற தொங்கு ரோலர் கோஸ்டரைக் கொண்டுவந்தது. கொள்ளிடத்துக்கு அக்கரையில் உள்ள தஞ்சாவூரை நினைவூட்டும் பெயரில் ஓடும் அந்த வண்டி திருமானூர்ப் பிள்ளைக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் முதல் ரோலர் கோஸ்டர் இன்றும் டிராகன் ரயில்தான்.

ஆகவே அதை முழு மரியாதையோடு நடத்த வேண்டும். பூங்காக்களில் வயதைக் கேட்காமல் உயரத்தை அளப்பதற்குக் காரணம் உண்டு: மடிக்கம்பி இடுப்பில் பதிய வேண்டும், முதுகு சாய்வில் படிய வேண்டும், கை பிடிக்கு எட்ட வேண்டும். ஐந்து வயது என்பது இதில் எதையும் சொல்லாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு கேளிக்கை ராட்டினங்களின் பாதுகாப்புக்கென்றே ஐ.எஸ். 15475 என்ற நெறிமுறையை வகுத்திருக்கிறது. விழாக் குழுவினர் ராட்டினத் திடலை ஏலம் விடும்போது அந்த நெறிமுறைப்படியான பாதுகாப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கட்டும். டிக்கெட் மேசை ஓரத்தில் சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு மூங்கில் கழியையும் நட்டு வைக்கட்டும்.