கப்பாலா கற்கத் தகுதியுடையோர் யார்? யூத மறைஞான மரபில் தொடக்கநிலை மாணவர் குறித்த வரையறைகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

யூத சமயத்தின் மறைஞான மரபாகிய கப்பாலாவைக் கற்க விழைவோரிடம், நாற்பது வயதுக்கு முன் அதனைக் கற்றலாகாது என்பது தொன்மையான விதியாக எடுத்துரைக்கப்படுகிறது. இவ்விதி உருப்பெற்ற வரலாற்றை ஆராயும் இக்கட்டுரை, வயது வரம்பு காலந்தோறும் மாறியது என்பதையும், சமயக் கல்வி என்னும் முன்நிபந்தனையே தொடர்ந்து நிலைபெற்றது என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

கருச்சொற்கள்: கப்பாலா, சோஹர், மிஷ்னா, சஃபேத், கொர்தொவேரோ, புரோடி

முன்னுரை

கப்பாலாவை அறிய முற்படுவோர் பொதுவாக மூன்று வினாக்களை எழுப்புவர். கப்பாலா என்பது யாது? அது சமயமா, சமயம் கடந்த ஆன்மிகமா? அதனைக் கற்க உரியவர் யார்? கப்பாலா என்னும் எபிரேயச் சொல் 'பெற்றுக்கொள்ளப்பட்டது' எனப் பொருள்படும். ஆசிரியர் வழங்க மாணவர் பெறுவது என்னும் கருத்து அப்பெயரிலேயே அமைந்துள்ளது. எனவே, பெறுபவர் யார் என்னும் மூன்றாம் வினாவின் வரலாறு ஏனைய இரு வினாக்களையும் விளங்கிக்கொள்ள உதவுகிறது.

தொன்மை வரையறை

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னாவின் 'ஹகிகா' பகுதி, எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தேர்க்காட்சியின் உட்பொருளை ஒரே ஒரு மாணவருக்கும் விளக்கலாகாது என்கிறது. அம்மாணவர் தாமே உய்த்துணரும் அறிவுடையவராயின் மட்டும் விலக்கு அளிக்கிறது. இங்கு வயது பேசப்படவில்லை; அறிவே அளவுகோலாகிறது. இவ்வெச்சரிக்கைக்கான காரணத்தைத் தல்மூத் கூறும் ஒரு கதை உணர்த்துகிறது. மறைபொருள் சோலைக்குள் நால்வர் நுழைந்தனர். ஒருவர் இறந்தார், ஒருவர் மனம் பேதலித்தார், ஒருவர் நெறி பிறழ்ந்தார், ரபி அகீவா ஒருவரே நலமுடன் மீண்டார். நால்வருமே கற்றறிந்தோர் என்பது கருதத்தக்கது.

வாய்மொழியிலிருந்து நூலுக்கு

கப்பாலா என்னும் பெயரால் அறியப்படும் மரபு 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் பிரான்சின் புரோவென்ஸ் பகுதியில் வெளிப்பட்டு, 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் ஜெரோனா நகரில் வளர்ந்தது. மறைபொருளை எழுத்தில் வெளிப்படுத்துவதைக் கண்டித்து, புரோவென்சின் ஈசாக் (பார்வையற்றவர் என அறியப்பட்டவர்) ஜெரோனாவுக்கு மடல் எழுதினார். ஜெரோனாவின் நஹ்மனிதெஸ் (1194–1270), தம் தோரா உரையின் முன்னுரையில், இவ்வறிவு தேர்ந்த ஆசிரியர் வாய்மொழியாலன்றி விளங்காது என எச்சரித்தார். ஆயினும் அதே நூற்றாண்டின் இறுதியில் காஸ்டிலில் 'சோஹர்' என்னும் பெருநூல் அரமேய மொழியில் வெளிவரலாயிற்று. அது 2ஆம் நூற்றாண்டின் ரபி சிமியோன் பார் யோஹாய் பெயரால் வழங்கினும், அதன் ஆக்கத்தில் மோசே தெ லெயோன் (இறப்பு 1305) முதன்மைப் பங்காற்றினார் என்பது ஆய்வாளர் பலரின் முடிபு.

1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டபோது இந்நூல்களும் மத்தியதரைக்கடல் நாடுகளெங்கும் பரவின. 1558–1560 காலத்தில் இத்தாலியின் மாந்துவாவிலும் கிரெமோனாவிலும் சோஹர் அச்சேறியபோது கடும் விவாதம் எழுந்தது. கையெழுத்துப் படியைப் பெற ஆசிரியரை நாட வேண்டியிருந்தது. அச்சு நூலையோ விலை கொடுத்து எவரும் வாங்கலாம். தொடக்கநிலை வாசகர் என்னும் சிக்கல் இங்குதான் முழுமையாகத் தலைதூக்கியது.

சஃபேத் நகரமும் தொடக்கநிலைக் கையேடும்

இச்சிக்கலுக்கு கலிலேயாவின் சஃபேத் நகரில் வாழ்ந்த மோசே கொர்தொவேரோ (1522–1570) வேறொரு தீர்வு கண்டார். அவருடைய 'ஓர் நெஎராவ்' தொடக்கநிலை மாணவருக்கென்றே எழுதப்பட்ட நூலாகும். கப்பாலாவைப் புறக்கணிப்போருக்கு அது மறுப்புரைக்கிறது. கற்போருக்குரிய தகுதிகளை வரையறுக்கிறது. நாற்பது வயதே புரிதலுக்குரியது என்னும் மிஷ்னாத் தொடரை அறிந்திருந்தும், அவர் இருபது வயதையே குறைந்தபட்ச வரம்பாகக் கொள்கிறார். அதே வேளையில், மறைநூற் பயிற்சியும் சட்ட அறிவும் முன்னரே வேண்டும் என வலியுறுத்துகிறார். அவருக்குப் பின் சஃபேத்தில் புதிய கப்பாலா நெறியைத் தோற்றுவித்த ஈசாக் லூரியா (1534–1572) நாற்பதை எட்டாமலேயே மறைந்தார் என்பதும் கருதத்தக்கது.

சமயமா, ஆன்மிகமா என்னும் வினாவுக்கும் சஃபேத் விடை தருகிறது. யூதச் சட்டத் தொகுப்பான 'ஷுல்ஹான் ஆரூக்'கை இயற்றிய யோசேப்பு காரோ (1488–1575) இந்நகரில் வாழ்ந்தவர். தமக்கு அருளப்பட்ட மறைமொழிகளை 'மக்கீத் மேஷாரிம்' என்னும் குறிப்பேட்டில் பதிவுசெய்தவரும் அவரே. இறைவெளிப்பாட்டின் பத்து நிலைகளாகிய 'செஃபிரோத்'தின் இசைவு, மனிதர் கட்டளைகளை நிறைவேற்றுவதைச் சார்ந்துள்ளது என்பது கப்பாலாவின் அடிப்படைக் கோட்பாடு. எனவே ஒழுகலாறு இங்கு புறச்சடங்கன்று. மறைஞானத்தின் உள்ளடக்கமே ஆகும்.

அச்சமும் தடையும்

1646இல் வெளியான தம் சட்டவுரையில் ஷப்பெதாய் ஹகோஹேன் நாற்பது வயது வரம்பைச் சிலரின் கருத்தாகவே குறிப்பிடுகிறார். இக்கருத்து கட்டளையாக மாறியதற்கு அரசியல், சமயக் காரணங்கள் உண்டு. 1665இல் மெசியாவாக அறிவிக்கப்பட்ட ஷப்பெதாய் ட்செவி மறு ஆண்டே இஸ்லாத்தைத் தழுவினார். அவ்வியக்கத்தின் முதன்மை விளக்கவுரையாளரான காசாவின் நாதான், லூரியக் கோட்பாட்டைக் கொண்டே அதற்கு நியாயம் கற்பித்திருந்தார். 18ஆம் நூற்றாண்டில் போலந்தில் யாக்கோபு ஃபிராங்கின் (1726–1791) குழுவினரும் சோஹரைச் சான்றாக்கி யூதச் சட்டத்தை மறுத்தனர். இதற்கு எதிர்வினையாக 1756இல் புரோடியில் பிறப்பிக்கப்பட்ட விலக்காணை, சோஹரை முப்பது வயதுக்கு முன்பும் லூரியாவின் நூல்களை நாற்பது வயதுக்கு முன்பும் பயிலத் தடைவிதித்தது. அவ்வயதிலும் தல்மூதிலும் சட்ட நூல்களிலும் தேர்ச்சி பெற்றோருக்கே இசைவளித்தது. ஆணை அஞ்சியது இளமையை மட்டுமன்று. சட்டத்தினின்று பிரிந்த மறைஞானத்தையே அது முதன்மையாக அஞ்சியது.

முடிவுரை

மிஷ்னாவில் அறிவு, கொர்தொவேரோவிடம் இருபது வயது, புரோடி ஆணையில் முப்பதும் நாற்பதும் எனத் தகுதியின் அளவுகோல் மாறிவந்துள்ளது. ஆகவே, நாற்பது வயது விதியைக் காலங்கடந்த ஒருமித்த மரபாகக் கொள்வது பொருந்தாது. அது நெருக்கடிக் காலத்தில் வலுப்பெற்ற விதியாகும். சமயக் கல்வியே முன்நிபந்தனை என்னும் நிலைப்பாடோ கொர்தொவேரோவிடமும் புரோடியிலும் ஒன்றாகவே அமைந்துள்ளது. கதவைத் திறந்தவரும் அடைத்தவரும் அதில் உடன்பட்டனர். 20ஆம் நூற்றாண்டில் கெர்ஷோம் ஷோலெமின் (1897–1982) ஆய்வுகள் கப்பாலாவைப் பல்கலைக்கழகப் புலமாக்கின. வயதும் சமயமும் அங்கு தடையல்ல. எனினும், கப்பாலாவைச் சமயத்தினின்று விடுபட்ட ஆன்மிகமாகக் காண்பது பிற்கால வாசிப்பே என்பதையும், மூலநூல்கள் அப்பிரிவினையை ஏற்கவில்லை என்பதையும் தொடக்கநிலை ஆய்வாளர் கருத்திற்கொள்ள வேண்டும்.