தாளில் இல்லாத கோடு

பரங்கிமலை உச்சியில் வில்லியம் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. இந்தியாவை அளந்த மகா முக்கோண அளவையின் முதல் கோடு 1802-இல் இந்த மலையருகே போடப்பட்டது. அதன் நினைவாக வைத்த சிலை. அதன் முன்னால் நின்றபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. கோடு என்றால் இரண்டு முனை இருக்க வேண்டும். மறுமுனை எங்கே?

வீடு திரும்பியதும் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 நிலவரைபடத்தை விரித்தேன். சென்னைக்குரிய 66 சி/4 தாள். பரங்கிமலை அதன் அடிவிளிம்பை ஒட்டிக் கிடந்தது. இந்தத் தாள்கள் அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் கால் பாகைக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டவை. 66 சி/4 சரியாக 13 பாகையில் முடிகிறது. மலையிலிருந்து அந்த ரேகைக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. தெற்கே எது இருந்தாலும் அது 66 டி/1 என்ற அடுத்த தாளுக்குப் போய்விடும். கோடு தெற்கே போயிருந்தால், அதை முழுதாகக் காட்ட ஒரு தாள் போதாது.

அடுத்த தாளைத் தேடுவதற்கு முன் ஆவணத்தைத் தேடினேன். லாம்டன் தன் அளவைப் பணியைப் பற்றி எழுதிய கட்டுரைகள் கல்கத்தா ஏஷியாட்டிக் சொசைட்டியின் 'ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்' தொகுதிகளில் வெளிவந்தன. நில அளவைத் துறையின் பழைய பதிவுகளை ஆர். எச். பில்லிமோர் 1945 முதல் தொகுத்து வெளியிட்டார். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்ததில் மறுமுனையின் பெயர் கிடைத்தது: 'பெரும்பாக்' குன்று.

'பாக்கம்' அந்தக் கால ஆங்கிலேயர் கையில் 'பாக்' ஆகச் சுருங்கியிருக்கிறது. ஆனால் தொண்டை மண்டலத்தில் பெரும்பாக்கங்கள் பல. பேரம்பாக்கங்களும் உண்டு. பெயரை மட்டும் வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது.

பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்தேன். கோட்டின் நீளம் 40,006.44 அடி. கிலோமீட்டரில் ஏறத்தாழ 12.19. என்னிடமிருந்த படத்தில் இது 24.4 சென்டிமீட்டர். இரண்டு தாள்களையும் 13 பாகை ரேகையில் பொருத்தி ஒட்டினேன். பரங்கிமலையில் கவராயத்தின் முள்ளை ஊன்றி, 24.4 சென்டிமீட்டர் விரித்துத் தெற்கே ஒரு வில் வரைந்தேன். மடிப்பாக்கத்தையும் மேடவாக்கத்தையும் தாண்டி, பெரும்பாக்கத்தின் அருகே அந்த வில் விழுந்தது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த அதே பெரும்பாக்கம்.

ஊர் கிடைத்துவிட்டது. எண் மட்டும் என்னை விடவில்லை. ஏழரை மைல் நீளத்தை, இருநூறு ஆண்டுகளுக்கு முன், அடியின் தசமம் வரை எப்படிச் சொன்னார்கள்?

விடை ஒரு சங்கிலியில் இருந்தது. லண்டனின் ராம்ஸ்டன் செய்த 100 அடி எஃகுச் சங்கிலி. மக்கார்ட்னி தூதுக்குழு 1793-இல் சீனப் பேரரசருக்குக் கொண்டுபோன பொருள்களில் ஒன்று. பேரரசர் ஏற்காததால் அது இந்தியாவுக்கு வந்து லாம்டன் கையில் சேர்ந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று அளவை தொடங்கியது. மேடுபள்ளத்தில் தொய்ந்துவிடாமல் இருக்கச் சங்கிலியை நீண்ட மரப்பெட்டிகளுக்குள் கிடத்தினார்கள். பெட்டிகளை முக்காலிகளின் மேல் ஏற்றி மட்டம் பார்த்தார்கள். பக்கத்திலேயே வெப்பமானிகள். இன்னொரு சங்கிலியை அளவுக்கு எடுக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே தனியாக வைத்திருந்தார்கள்.

வெப்பமானி எதற்கு என்று நானே கணக்கிட்டுப் பார்த்தேன். வெயிலில் எஃகு நீளும். ஃபாரன்ஹீட்டில் 10 பாகை சூடு ஏறினால் 100 அடிச் சங்கிலி அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட நீளாது. ஆனால் அந்தச் சங்கிலியை 400 முறை எடுத்து வைக்க வேண்டும். அந்தச் சிறு நீட்சி 400 மடங்காகி, கடைசியில் ஏறத்தாழ இரண்டரை அடிப் பிழையாக வந்து நிற்கும். சென்னையின் கோடையில் அந்தப் பிழையைத் துரத்தியதன் பலன்தான் நான் பிடித்துக்கொண்டு வந்த தசமம்.

இவ்வளவு பாடுபட்டு அளந்தது ஒரே ஒரு கோட்டை. அதற்குப் பிறகு பெரும்பாலும் கோணங்களை அளந்தாலே போதும். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அவற்றில் ஒன்று அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு ஆகும். கோணம் அளக்க லண்டனில் கேரி செய்த அரை டன் எடையுள்ள தியோடலைட் வந்தது. வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, மொரீஷியஸ் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டுச் சென்னை சேர்ந்தது. குன்றில்லாத தஞ்சைச் சமவெளியில் தென்னைக்கு மேலே பார்க்க வேண்டுமென்றால் கோயில்தான் உயரம். 1808-இல் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதியது. அதன் வட்டம் நெளிந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் ஆறு வாரம் இருந்து அதைத் தன் கையாலேயே நிமிர்த்தினார்.

முதல் கோடு சரிதானா என்பதற்கும் ஆவணத்தில் விடை இருந்தது. முக்கோணங்கள் பெங்களூரை எட்டியதும் 1804-இல் அங்கே இன்னொரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார்கள். அதே கோட்டின் நீளத்தைச் சென்னைக் கோட்டிலிருந்து முக்கோணங்கள் வழியாகவும் கணக்கிட்டார்கள். இரண்டுக்கும் வேறுபாடு 3.7 அங்குலம். முக்கோணங்கள் மேற்குக் கடற்கரை சேர்ந்தபோது தீபகற்பத்தின் அகலம் பழைய படங்கள் காட்டியதைவிட 40 மைல் குறைந்தது. நிலம் எங்கும் போகவில்லை. படம்தான் தன்னைத் திருத்திக்கொண்டது.

முக்கோணங்கள் எலும்புக்கூடு மட்டுமே. ஏரி, ஓடை, குன்றின் சரிவு, ஊர் எல்லாம் அதன் மேல் வரைய வேண்டியவை. அதற்கான கைகளைச் சென்னை முன்பே பழக்கியிருந்தது. மைக்கேல் டாப்பிங் முயற்சியால் 1794-இல் எட்டுச் சிறுவர்களுடன் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. வரைபலகையை முக்காலியில் பொருத்தி, தாளில் முன்பே குறித்த முக்கோண முனைகளை எதிரே தெரியும் குன்றுகளோடு ஒத்துப்பார்த்து, நின்ற இடத்திலேயே நிலத்தைத் தாளுக்குக் கொண்டுவருவார்கள்.

முதலில் அளவு, அதன் மேல் படம் என்ற இதே ஒழுங்கு நம் ஊர்ப் புலப்படத்திலும் இருக்கிறது. வரப்புத் தகராறு வந்தால் சர்வேயர் படத்தின் மேல் அடிக்கோல் வைத்து அளப்பதில்லை. எஃப்.எம்.பி. எனப்படும் அந்தப் புலப்படத்தில் ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் எழுதியிருக்கும் அளவைப் படிக்கிறார். பிடுங்கி எறிந்த கல்லையும் அந்த எண்களை வைத்து மீண்டும் அதே இடத்தில் நட்டுவிடலாம். தாள் சுருங்கும், மடிப்பில் கிழியும், நகலெடுத்தால் கோடு தடிக்கும். எழுதிவைத்த அளவு அப்படியே நிற்கும். நிலத்தை உண்மையாகக் காப்பது வரைபடத்துக்குப் பின்னால் இருக்கும் அளவுப் பதிவேடுதான். அந்தப் பதிவேடுகளைப் பழைய காகிதம் என்று கழித்துக் கட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதினேன்.

ஒட்டிய இரண்டு தாள்களும் இப்போது என் மேசைமேல் கிடக்கின்றன. இரண்டிலும் அந்தக் கோடு அச்சாகவில்லை. பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் வரை பென்சிலால் இழுத்தேன். பிறகு அதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் 40,006.44 அடி என்று எழுதினேன். நீளம் எழுதாத கோட்டை நாளைக்கு வருகிறவர் சரிபார்க்க முடியாது.