வாக்குப்பெட்டியோடு விழித்திருந்தவர்கள்



"அரசியல் ஒரு சாக்கடை, உனக்கெதற்கு அந்த வம்பு?" நம் வீடுகளில் பிள்ளைகளிடம் பெரியவர்கள் அடிக்கடி சொல்வது இது. நம் நாட்டில் 1989 மார்ச் 28 முதல் 18 வயதிலேயே வாக்குரிமை உண்டு. அதற்கு முன் 21 வயது வரை காத்திருக்க வேண்டும். இந்த உரிமையை இளையோர் எந்த அளவுக்கு மதிக்க முடியும் என்பதை அறிய, பிலிப்பீன்ஸ் திருச்சபையின் வரலாற்றில் ஒரு பக்கத்தைப் புரட்டுவோம். வெரித்தாஸ் தமிழ்ப்பணியைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நிய நாடு அல்லவே!

1972இல் இராணுவச் சட்டத்தை அறிவித்த பெர்டினாண்ட் மார்க்கோஸ், 1986 பிப்ரவரி 7 அன்று திடீர்த் தேர்தல் நடத்தினார். எதிர்த்து நின்றவர் கொரசோன் அக்கினோ. அவருடைய கணவர் பெனிக்னோ 1983இல் மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். படையும் பணமும் தொலைக்காட்சியும் அரசின் கையில் இருந்தன. மக்கள் பக்கம் இருந்தது நாம்ஃப்ரெல் என்ற தன்னார்வ அமைப்பு. மாணவர்கள், இல்லத்தரசிகள், குருமாணவர்கள், அருட்சகோதரிகள் என்று ஏறத்தாழ 5 இலட்சம் பேர் அதில் சேர்ந்தார்கள்.

இவர்கள் செய்த வேலையில் ஆரவாரம் ஏதுமில்லை. வாக்குச்சாவடியில் நாள் முழுவதும் உட்கார்ந்து கவனித்தார்கள். பெட்டிகளைக் கடத்த ஆட்கள் வந்த இடங்களில் அவற்றைச் சூழ்ந்து கைகோத்து நின்றார்கள். சாவடிதோறும் முடிவுத்தாளின் நகலை வாங்கி அனுப்பினார்கள். லா சால் கிரீன்ஹில்ஸ் என்ற கத்தோலிக்கப் பள்ளியில் அவை கூட்டப்பட்டன. அங்கே அக்கினோ முன்னணியில் இருந்தார். அரசின் கணக்கிலோ மார்க்கோஸ்!

பிப்ரவரி 9 இரவு, தேர்தல் ஆணையத்தின் கணினிப் பணியாளர்கள் சுமார் 35 பேர் எழுந்து வெளியேறினார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். தாங்கள் பதிவு செய்த எண்கள் வேறு, அறிவிப்புப் பலகையில் ஏறிய எண்கள் வேறு என்று கண்டதே காரணம். அவர்களுக்கு அடைக்கலம் தந்தது பக்லாரன் ஆலயம். மேடைப் பேச்சோ கொடியோ இல்லை. பொய்க் கணக்குக்குத் துணைபோக மறுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த மறுப்புக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேர்ந்திருக்கலாம். இரண்டே நாளில், அந்தீக் மாநிலத்தில் வாக்கு எண்ணிக்கையைக் கண்காணித்துக்கொண்டிருந்த எவேலியோ ஹாவியேர் சுட்டுக் கொல்லப்பட்டார். 29 வயதிலேயே ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். இறக்கும்போது வயது 43.

அதன் பிறகே ஆயர்கள், மோசடியால் பெற்ற ஆட்சிக்கு அறநெறி அடிப்படை இல்லை என்று அறிக்கை விடுத்தார்கள். 22ஆம் நாள் கர்தினால் சின் வெரித்தாஸ் வானொலியில் மக்களைத் தெருவுக்கு அழைத்தார். மறுநாள் அதன் ஒலிபரப்பி உடைக்கப்பட்டது. 25ஆம் நாள் மார்க்கோஸ் நாட்டைவிட்டு வெளியேறினார். பீரங்கி வண்டிகளின் முன் செபமாலையோடு முழந்தாளிட்ட சகோதரிகளின் படத்தை உலகம் மறக்கவில்லை, சரிதான். என்றாலும், சாவடியில் நகல் வாங்கிய அந்த மாணவர்கள் இல்லையென்றால் திருடப்பட்டது எவ்வளவு என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

1991இல் அந்நாட்டுத் திருச்சபை, பொறுப்பான வாக்களிப்புக்கென்று பங்குகளின் வழியாகத் தன்னார்வலர்களைத் திரட்டும் பிபிசிஆர்வி என்ற அமைப்பைத் தொடங்கியது. 2022 மே மாதத் தேர்தலில் அதன் தன்னார்வலர்கள் மணிலாவில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அமர்ந்து, அச்சிட்ட முடிவுத்தாள்களை மின்னணுக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். 1986இல் பிறந்திராத பலர் அங்கே இருந்தார்கள். அந்தத் தேர்தலில் வென்றவர் மார்க்கோஸின் மகன். வெற்றி யாருடையது என்று பாராமல் தாள்தாளாக ஒப்பிட்டு, இரண்டு கணக்கும் பெரிதும் பொருந்துகின்றன என்று அறிவித்தார்கள்.