வேடசந்தூர் வட்டாரத்தின் கால்நடை இனங்கள்

வேடசந்தூர், திண்டுக்கல் மாவட்டத்தின் வடபகுதியில் திண்டுக்கல் – கரூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர். வட்டத் தலைநகரமும் ஆகும். 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. வெப்பம் மிகுந்து மழை குறைந்த இவ்வட்டாரத்தில் உழவும் கால்நடை வளர்ப்பும் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன. இங்கு வளர்க்கப்பட்ட மாடு, ஆடு இனங்கள் கடந்த நூறு ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளன. வெயிலும் மண்ணும் ஏறக்குறைய அப்படியே இருக்க, மாட்டிடம் உழவர் எதிர்பார்த்த வேலை மாறியதே இதற்கு முதன்மைக் காரணம்.

நிலமும் மழையும்

பழனி மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையைப் பெருமளவு தடுத்துவிடுவதால், வேடசந்தூர்ச் சமவெளி மழை மறைவுப் பகுதியில் அமைகிறது. வடகிழக்குப் பருவமழையே இங்கு முதன்மையானது. வட்டாரத்தின் ஊடாக வடக்கு நோக்கி ஓடும் குடகனாறு கரூர்ப் பகுதியில் அமராவதியுடன் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி ஆறு வறண்டிருப்பதால் கிணறே உழவரின் நம்பிக்கையாக இருந்து வந்துள்ளது. சோளம், கம்பு, நிலக்கடலை, பருத்தி, புகையிலை ஆகியவை இப்பகுதியின் மரபான பயிர்கள்.

இத்தகைய நிலத்தில் பசுந்தீவனம் சில மாதங்களே கிடைக்கும். மற்ற மாதங்களில் கால்நடைகள் சோளத்தட்டையும் கடலைக்கொடியையும் காய்ந்த புல்லையும் தின்று வாழ வேண்டும். வெயிலைத் தாங்குவதோடு அரைகுறைத் தீவனத்தில் உடல் நலியாமல் இருப்பதும் இங்கு ஓர் இனத்துக்குத் தேவையான தகுதி ஆயிற்று.

கவலை இறைத்த மாடு

மின்சாரம் வருவதற்கு முன் ஆழக் கிணறுகளிலிருந்து கவலை கட்டி நீர் இறைத்தனர். கிணற்றில் இறங்கிய சால் ஒரு வடத்தால் மாடுகளின் நுகத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். இரண்டு எருதுகள் சரிவான பாதையில் இறங்கி நடக்கும்போது சால் மேலே வந்து நீரைக் கொட்டும். பிறகு அவை பின்னோக்கி நடந்து மேட்டுக்குத் திரும்ப வேண்டும். விடியற்காலையில் தொடங்கி மணிக்கணக்கில் இவ்வாறு ஏறி இறங்குவதற்கு வலுவான தோளும் உறுதியான குளம்பும் பழக்கத்துக்குக் கட்டுப்படும் குணமும் தேவைப்பட்டன.

இவ்வேலைக்கு ஏற்ற இனமாக விளங்கியது காங்கேயம் மாடு. ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல், திண்டுக்கல் மாவட்டங்களின் பகுதிகள் இதன் வளர்ப்புப் பரப்பாகக் கருதப்படுகின்றன. இவ்வினத்தின் கன்றுகள் செந்நிறத்தில் பிறந்து, ஏறத்தாழ ஆறு மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். பொலிகாளைகளின் தலை, திமில், தோள் ஆகிய பகுதிகள் கருமை படர்ந்திருக்கும். ஏர் உழவு, வண்டி, கவலை ஆகிய மூன்றுக்கும் இதன் எருதுகள் பயன்பட்டன. பசுவின் பால் குறைவு; ஒரு கறவைக் காலத்தில் சராசரியாக 540 கிலோ அளவே கிடைக்கும். ஆனால் அக்கால உழவர் பசுவை எருது ஈனும் தாயாகவே மதிப்பிட்டனர். கன்று குடித்தது போக மிஞ்சியதே வீட்டுக்குப் பால்.

இவ்வினத்தைத் தூய்மையாகப் பேணியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் மந்தை புகழ்பெற்றது. சென்னை மாகாண வேளாண் துறையில் கால்நடைப் பிரிவில் பணியாற்றிய லிட்டில்வுட், 1936இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலில் தென்னிந்திய இனங்களை விரிவாகப் பதிவு செய்தார்.

கொறங்காடு

காங்கேயம் மாட்டின் வலிமைக்கு அதன் மேய்ச்சல் நிலமும் காரணம். கொறங்காடு எனப்படும் இந்நிலம் தனியாருக்குச் சொந்தமானது. கிளுவை உயிர்வேலியால் சூழப்பட்டது. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் பிற சிறு செடிகளும், இடையிடையே வெள்வேல மரங்களும் இருக்கும். கொழுக்கட்டைப் புல் வறட்சியில் காய்ந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். கோடையில் புல் தீர்ந்தபின் வெள்வேலங்காய்கள் ஆடுகளுக்குத் தீவனமாகும். மரநிழல் மாடுகளுக்கு ஒதுங்கிடமாகும். நிலத்தைப் பகுதிகளாகத் தடுத்து, ஒன்றில் மேய்ந்து முடிந்ததும் மற்றொன்றுக்கு மாற்றுவது வழக்கம். புல், மரம், வேலி, மாடு ஆகிய நான்கும் சேர்ந்த ஏற்பாடு இது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை பாதிக்கப்படும்.

புகையிலையும் ஆட்டுக்கிடையும்

வேடசந்தூர் புகையிலைக்குப் பெயர்பெற்ற ஊர். சுருட்டுப் புகையிலை, மெல்லும் புகையிலை ஆகியவற்றுக்கான ஆராய்ச்சி நிலையம் 1948இல் இங்கு நிறுவப்பட்டது. புகையிலைத் தோட்டத்துக்குத் தொழு உரம் மிகுதியாகத் தேவை. எனவே அறுவடைக்குப் பின் செம்மறி மந்தைகளை இரவில் நிலத்தில் அடைத்துக் கிடை போடும் வழக்கம் நிலைத்தது. ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் நேரடியாக மண்ணில் சேர்ந்தன. மந்தைக்காரருக்குக் கூலியாகத் தானியமோ பணமோ கிடைத்தது.

குறும்பை என்று அழைக்கப்படும் கோயம்புத்தூர்ச் செம்மறி திண்டுக்கல் பகுதியிலும் காணப்படும் இனம். வெண்ணிற உடலும் கறுப்பு அல்லது பழுப்புத் திட்டுகளும் கொண்ட இதன் முரட்டு மயிர் கம்பளிக்கு உதவியது. மேச்சேரி இனத்துக்குக் கம்பளி மயிர் இல்லை; அதன் தோல் தோல் தொழிலில் மிகவும் மதிக்கப்படுகிறது. திண்டுக்கல் நகரில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியதால் ஆட்டுத்தோலுக்கு அருகிலேயே சந்தை அமைந்தது.

ஆயினும் புகையிலையால் கால்நடைக்கு ஓர் இழப்பும் உண்டு. சோளம் விதைத்தால் மனிதருக்குத் தானியமும் மாட்டுக்குத் தட்டும் கிடைக்கும். புகையிலை விலை தரும், தீவனம் தராது. பணப்பயிர்கள் பெருகப் பெருக மாடு வைத்திருப்பதற்கான செலவும் கூடியது.

மின்மோட்டாரும் கலப்பினமும்

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் செயல்படத் தொடங்கியதும் கோவைப் பகுதியில் கிணற்று மோட்டார்கள் பரவின. விடுதலைக்குப் பின் 1950கள், 1960களில் ஊரக மின்மயம் தமிழகம் முழுவதும் விரைவடைந்தது. கவலை நின்றது. அடுத்து டிராக்டர் வந்தது. ஏர் மாடுகளும் குறைந்தன. ஓர் இணை எருதுக்கு இருந்த மதிப்பு, ஒரு தலைமுறைக்குள் தீவனச் செலவாக மாறிற்று.

இதே காலத்தில் நாட்டின் பால் தேவை உயர்ந்தது. 1964–65இல் தீவிரக் கால்நடை வளர்ச்சித் திட்டமும், 1970இல் வெண்மைப் புரட்சி எனப்படும் பால்வளத் திட்டமும் தொடங்கின. செயற்கைக் கருவூட்டல் மூலம் நாட்டுப் பசுக்களுடன் அயல்நாட்டு இனங்கள் கலக்கப்பட்டன. தமிழகத்தில் சமவெளிக்கு ஜெர்சி, குளிர்ந்த மலைப்பகுதிக்கு ஃப்ரீசியன் என்ற கொள்கை பின்பற்றப்பட்டது. ஜெர்சி சிறிய உடல் கொண்டது. ஃப்ரீசியனை விட வெப்பத்தை ஓரளவு நன்றாகத் தாங்கும். பாலில் கொழுப்பும் அதிகம்.

கலப்பினப் பசு சிறு உழவர் வீட்டின் கணக்கையே மாற்றியது. விளைச்சல் பணம் ஆண்டுக்கு ஒரிரு முறை வரும். கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றிய பாலுக்கான பணமோ சீரான இடைவெளியில் கைக்கு வரும். நிலமில்லாத குடும்பங்களும் ஒரு பசுவை வைத்துப் பிழைக்க முடிந்தது. பல வீடுகளில் பால் பணம் பெண்களின் கையில் சேர்ந்தது. நாட்டு மாட்டின் சரிவை மட்டும் பார்த்துக் கலப்பினத்தைக் குறை கூறுவோர் இந்த நன்மையை மறந்துவிடக்கூடாது.

வெப்பத்தைத் தாங்கும் முறை

மாட்டின் உடலில் வெப்பம் இரு வழிகளில் சேர்கிறது: வெயிலிலிருந்து ஒன்று; தீவனம் செரிப்பதிலும் பால் சுரப்பதிலும் உண்டாவது மற்றொன்று. அதிகம் கறக்கும் பசு அதிகம் தின்ன வேண்டும். அதனால் உடலுக்குள் உண்டாகும் வெப்பமும் அதிகம். ஐரோப்பிய உயர் கறவை இனங்கள் ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸைக் கடந்ததுமே திணறத் தொடங்கும். மூச்சு வாங்குதல், தீவனம் குறைதல், பால் குறைதல், சினை பிடிக்காமை ஆகியவை அடுத்தடுத்து நிகழும்.

திமில் கொண்ட இந்திய மாடுகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, எண்ணிக்கையிலும் மிகுதி. குட்டையான வழவழப்பான மயிர் வெப்பம் வெளியேற உதவுகிறது. வெளிர் மயிர் வெயிலைத் திருப்பி அனுப்ப, அதன் கீழுள்ள கருந்தோல் கதிர்களிலிருந்து காக்கிறது. உண்ணிகளையும் அவை பரப்பும் காய்ச்சல்களையும் இவை நன்றாக எதிர்க்கின்றன. குறைவாகப் பால் கறப்பதும் இவற்றின் தாங்குதிறனில் ஒரு பங்கு வகிக்கிறது. எனவே ஒரே மாட்டில் ஐரோப்பியப் பசுவின் பாலையும் காங்கேயத்தின் தாங்குதிறனையும் முழுமையாகப் பெறுவது அரிது. கலப்பினத்தில் அயல் இரத்தத்தைப் பாதி அளவோடு நிறுத்தப் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே.

வெப்ப நாடுகள் பலவும் இப்படிப்பினையைக் கற்றுள்ளன. பிரேசிலின் நெலோர் இனம், ஆந்திரத்து ஓங்கோல் மாடுகளின் வழிவந்தது. அமெரிக்காவின் வெப்பமான தென்பகுதிக்கென உருவான பிராமன் இனத்துக்கும் இந்திய மாடுகளே மூலம். அந்நாடுகள் அவற்றை இறைச்சிக்காகத் தேர்ந்து பெருக்கின. பிறந்த நாட்டில் வேலை இழந்த திமில் மாடு, கடல் கடந்து வேறொரு வேலை பெற்றது.

இன்றைய நிலை

கொறங்காடுகள் சுருங்கிவிட்டன. வேடசந்தூரைச் சுற்றிப் பெருகிய நூற்பாலைகள் இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் தருவதால் மேய்ப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை. காங்கேயம் காளைகளை இன்று பெரிதும் நிலைநிறுத்துவது இனப்பெருக்க ஆர்வலர்களும் ஏறுதழுவுதலும் ஆகும். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்ததும், 2017 சனவரிப் போராட்டத்தையடுத்து மாநிலச் சட்டத் திருத்தம் வந்ததும், 2023இல் அத்திருத்தத்தை நீதிமன்றம் ஏற்றதும் நாட்டு இனங்கள் மீது பொதுமக்களின் கவனத்தைத் திருப்பின. ஆனால் காளைகள் மட்டும் ஓர் இனத்தைக் காக்க முடியாது. பசுக்களை வைத்திருப்பவருக்கு வருமானமும் மேய்ச்சல் நிலமும் வேண்டும்.

ஆடு வளர்ப்பு இவ்வளவு தளரவில்லை. வேடசந்தூர் வட்டத்திலுள்ள அய்யலூரில் வியாழக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தை புகழ்பெற்றது. பொங்கல், தீபாவளி, பக்ரீத் காலங்களில் விற்பனை உச்சம் தொடும். சிறு முதலீடு, குறைந்த தீவனம், அவசரத்துக்கு உடனே விற்கும் வசதி ஆகியவை ஆட்டை வறண்ட நிலத்து ஏழைகளின் சேமிப்பாக வைத்திருக்கின்றன.

நீர்ப்பாசனமும் நிழலும் மருத்துவ வசதியும் உள்ள வீட்டுக்குக் கலப்பினப் பசுவும், மானாவாரி நிலமும் மேய்ச்சலும் மட்டுமே உள்ள வீட்டுக்கு நாட்டு மாடும் ஆடும் பொருந்தும். கோடை மேலும் கடுமையாகும் காலத்தில் இரண்டும் கைவசம் இருப்பதே உழவருக்குப் பாதுகாப்பு. கலப்பினத்தைப் புதிதாக உருவாக்கவும் அடிப்படையாக நாட்டுப் பசு வேண்டும். அந்த இனம் அழிந்தால் அதை மீண்டும் பெற வழியில்லை.