பழைய காரின் மெய்

யாழ்ப்பாணத்தில் விற்பனைக்கு வந்திருந்த ஒஸ்டின் ஏ40 ஒன்றைப் பார்த்துவர நண்பர் ஒருவருடன் அண்மையில் சென்றிருந்தேன். அடிச்சட்ட இலக்கம் பதிவுப் புத்தகத்துடன் ஒத்திருந்தது. என்ஜினோ வேறொரு காரினுடையது. "ஒரிஜினல் இல்லை, பாதி விலையும் பெறாது" என்றார் நண்பர். எனக்கு இலண்டன் உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்று நினைவுக்கு வந்தது.

1929, 1930 ஆகிய ஈராண்டுகளும் பிரான்சின் லு மான் பந்தயத்தை வென்றது 'ஓல்ட் நம்பர் வன்' என்ற பென்ட்லி கார். 1932இல் அதற்கு எட்டு லீற்றர் என்ஜின் பொருத்தினார்கள். அவ்வாண்டே புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் அது விபத்துக்குள்ளாக, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். பின்னர் கார் மீண்டும் கட்டப்பட்டது. 1990இல் ஒரு கோடி ஸ்ரேர்லிங் பவுணுக்கு விலை பேசப்பட்டபோது, லு மானில் ஓடிய பாகங்களுள் சொற்பமே எஞ்சிய இது அதே கார்தானா என்று வழக்கெழுந்தது. நீதிபதி ஒட்டன் நுட்பமானதொரு வேறுபாட்டைக் காட்டினார். இதனை மூலக் கார் என்று கூற முடியாது. ஆயினும் மெய்யான 'ஓல்ட் நம்பர் வன்' இதுவே. பாகங்கள் மாறினும் வரலாறு அறுபடவில்லை.

அதே 1990இல்தான் போர் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டது. சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, மண்ணெண்ணெயில் ஓடின எங்கள் ஒஸ்டின்கள். ஒன்றின் உறுப்பு இன்னொன்றுக்குப் போயிற்று.

என்ஜினை எப்போது மாற்றினீர்கள் என்று உரிமையாளரிடம் கேட்டேன். "தொண்ணூற்றிரண்டில்" என்றார், எதையும் மறைக்காமல். மாற்றத்தை மறைத்தால் அது மோசடி. சொன்னால் அதுவே காரின் வரலாறு. நண்பர் அதன்பின் பாதி விலை பேசவில்லை.