எழுத்தும் கட்டும்

"பிள்ளைக்கு எழுத்து முடிஞ்சுது. கலியாணம் தை மாசம்."

யாழ்ப்பாணப் பேச்சில் வளர்ந்தவருக்கு இதில் குழப்பம் இல்லை. பதிவாளர் முன்னிலையில் கையெழுத்திடுவது எழுத்து. தாலி கட்டுவது கலியாணம். சட்டத்துக்கு முதலாவது போதும். ஊருக்கு இரண்டாவதே கணக்கு.

'கட்டுதல்' பெரிய சொல். வீட்டையும் கட்டுகிறோம், மாட்டையும் கட்டுகிறோம், கலியாணமும் கட்டுகிறோம். ஆனால் மணத்தின் நடுவில் தாலி எப்போதும் இருந்ததில்லை. அகநானூற்றின் 86ஆம் பாடலில் பந்தல் உண்டு, புதுமணல் உண்டு, விளக்கும் உளுந்துச் சோறும் உண்டு. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் மணமகளை நீராட்டுகிறார்கள். தாலி கட்டியதாகச் செய்தி இல்லை. மணச்சடங்கைக் 'கரணம்' என்னும் தொல்காப்பியம், பொய்யும் தவறும் தோன்றிய பிறகே பெரியோர் அதை வகுத்தனர் என்கிறது. சொன்ன சொல்லை மாற்றுகிறவர்கள் இருந்ததால்தான் சடங்கு வந்தது.

எழுத்தும் அப்படித்தான் வந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் மணங்கள் தேவாலயப் பதிவேடுகளில் ஏறின. 1707இல் தேசவழமை தொகுக்கப்பட்டபோது முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற சொத்துப் பிரிவுகளும் ஏட்டில் நிலைத்தன. யார் மனைவி என்பது காணி யாருக்கு என்பதோடு பிணைந்த கேள்வி. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகும், பதியாத வழமை மணங்களை இலங்கை நீதிமன்றங்கள் ஏற்றே வந்தன. எழுத்து சாட்சி, அதுவே மணம் அல்ல.

1983க்குப் பின் நிலைமை மாறியது. வெளிநாட்டுத் தூதரகத்துக்குத் தாலி போதாது, சான்றிதழ் வேண்டும். எழுத்து முன்னே வந்தது. கட்டு, விசா கிடைக்கும்வரை காத்திருந்தது. சில மாதம், சிலருக்குச் சில வருடம்.

அந்த இடைவெளியில் நிற்கும் பெண்ணை அழைக்க நம்மிடம் ஒரு சொல் இல்லை. கடதாசியில் மனைவி, வீட்டில் குமர். மாப்பிள்ளை மனம் மாறினால், ஒருநாளும் சேர்ந்து வாழாத மணத்தை முறிக்க அவள் நீதிமன்றம் ஏறவேண்டும். எழுத்தைக் கலியாணமாக எண்ணாத அதே ஊர், அது முறிந்ததும் அவளை 'விவாகரத்தானவள்' என்று சொல்லத் தயங்குவதில்லை.

அவளைக் காக்கவென்று வந்தவைதான் இரண்டும்.