படுக்கைப் புண்ணுக்கு இரண்டு பெயர்

2008 ஆகஸ்டில் இந்தோனேசியாவிலிருந்து 208 பேர் ஜப்பானுக்கு வந்தார்கள். பாதிப்பேர் செவிலியர்கள்; மற்றவர்கள் முதியோர் பராமரிப்புக்கு வந்தவர்கள். இரு நாடுகளின் பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் அவர்களை அழைத்து வந்தது. 2009இல் பிலிப்பைன்ஸ் செவிலியரும் வந்தனர். இரு நாட்டினரையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் பெண்கள்.

இந்தச் செவிலியர்கள் படிப்பு முடித்தவர்கள். இந்தோனேசியர்களுக்கு இரண்டாண்டும் பிலிப்பைன்ஸ் நாட்டினருக்கு மூன்றாண்டும் பணி அனுபவம் கேட்கப்பட்டது. ஆனால் ஜப்பானிய மருத்துவமனையில் அவர்கள் வெறும் உதவியாளர்கள். உடம்பு துடைக்கலாம், சோறு ஊட்டலாம். ஊசி போடக் கூடாது. மூன்றாண்டுக்குள் ஜப்பானிய மொழியில் தேசியச் செவிலியர் தேர்வில் தேற வேண்டும். தவறினால் நாடு திரும்ப வேண்டும் என்பதே விதி.

2009இல் 82 பேர் தேர்வு எழுதினார்கள். ஒருவரும் தேறவில்லை. 2010இல் 254 பேரில் மூவர் தேறினர். அந்த ஆண்டு மொத்தத் தேர்ச்சி சுமார் 90 விழுக்காடு.

படுக்கைப் புண்ணுக்குப் பேச்சு வழக்கில் 'தொகோசுரே' என்று பெயர். வினாத்தாளிலோ 'ஜொகுசோ' என்று கடினமான கான்ஜி எழுத்துகளில் இருந்தது. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து அந்தப் புண் வராமல் காக்கத் தெரிந்தவள், அதன் எழுத்தை வாசிக்கத் தெரியாததால் தோற்றாள்.

விமர்சனம் எழுந்த பிறகு, கடினச் சொற்கள் எளிதாக்கப்பட்டன. கான்ஜிக்கு மேல் ஒலிக்குறிப்பு சேர்த்தார்கள். 2013 தேர்வு முதல் அயல்நாட்டவருக்குத் தேர்வு நேரத்தையும் கூட்டினார்கள். 2011இல் 16 பேர் தேறினர். 2012இல் 47 பேர்.

மொழியே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. வலி எங்கே என்று நோயாளி சொல்வது செவிலிக்குப் புரிந்தாக வேண்டும். மருந்துச் சீட்டைத் தவறாக வாசித்தால் உயிர் போகும். ஆனால் கட்டிலருகே தேவைப்படும் மொழி வேறு, வினாத்தாளின் மொழி வேறு. முதலாவதை அவள் நாள்தோறும் வேலை செய்தபடியே கற்றுக்கொண்டிருந்தாள். இரண்டாவதைப் பணி முடிந்து களைத்த பிறகுதான் படிக்க முடிந்தது.

பராமரிப்பு பெண்களுக்கு இயல்பாக வருவது என்பார்கள். இயல்பு என்று சொல்லிவிட்டால் அதை அறிவாக மதிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அவள் கைகளுக்கு முதல் நாளே வேலை கிடைத்தது. அவள் படிப்பு மட்டும் மூன்றாண்டு வாசலில் காத்திருந்தது.